சொத்தும் கையிருப்பும்

நிலத்தின் வளத்தை உலகத்தில் முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவன் உழவன் அல்ல, விஞ்ஞானியும் அல்ல, வரி வாங்க வந்தவன். உழவனுக்குத் தன் வயலைக் கணக்கில் எழுதிப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. காலால் மிதித்தாலே தெரிந்துவிடும். ஒரு பிடி எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான், அவ்வளவுதான். அந்த வயலைக் கண்ணாலும் காணாத ராஜாங்கத்துக்குத்தான், தலைநகரில் உட்கார்ந்தபடியே அதன் தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்பர் சக்கரவர்த்தியின் மந்திரி ராஜா தோடர்மால் இதற்கு ஒரு வழி கண்டார். வருஷம் தவறாமல் பயிர் ஏறும் நிலத்துக்குப் 'போலஜ்' என்று பெயர். சில காலம் பயிர் செய்துவிட்டுப் பலம் தேறுவதற்காகச் சும்மா விட்ட நிலம் 'பரௌதி'. மூன்று நான்கு வருஷம் தரிசாகக் கிடந்தது 'சாச்சர்'. ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஏர் படாமல் கிடந்தது 'பஞ்சர்'. முதல் இரண்டு வகையிலும் நல்லது, நடுத்தரம், மட்டம் என்று மூன்று தரம் பார்த்து, மூன்றின் விளைச்சலுக்கும் சராசரி எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு சர்க்காருக்கு என்று வைத்தார்கள். நம் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ரயத்துவாரி செட்டில்மெண்டு நடத்தியபோதும், கரிசலா, செம்மண்ணா, களியா, மணலா என்று பார்த்து நிலத்துக்குத் 'தரம்' கட்டித்தான் தீர்வை போட்டார்கள்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இவையெல்லாம் நிலம் இதுவரையில் என்ன கொடுத்திருக்கிறது என்ற கணக்கு. இனிமேல் என்ன கொடுக்கும், எதனால் கொடுக்கும், எப்போது கையை விரித்துவிடும் என்பது இந்தக் கணக்கில் இல்லை. ஒரு விஷயத்துக்காக மட்டும் தோடர்மாலை மெச்ச வேண்டும். நிலம் களைத்துப் போகும், அதற்கு ஓய்வு வேண்டும் என்பதை அவருடைய பட்டியல் ஒப்புக்கொள்கிறது. இன்றைக்கு வாய்க்கால் பாசனமும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ள ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு போகம், மூன்று போகம் என்று பயிர் ஏறுகிறது. பரௌதி என்ற வார்த்தைக்கே அங்கே வேலை கிடையாது. இப்படி ஓய்வொழிவில்லாமல் உழைக்கிற நிலத்தின் உடம்பில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்ட மனிதர்களின் கதை, கதாசிரியர்கள் கற்பனை செய்கிற கதைகளுக்குச் சுவையில் குறைந்ததல்ல.

ஆரம்பத்தில், செடியின் சாப்பாட்டில் மண்ணுக்குப் பங்கே இல்லை என்று நினைத்தவர்களும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட் என்பவர் உலர்த்திய மண் 200 ராத்தலை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறொன்றும் விடவில்லை. ஐந்து வருஷம் கழித்து மரத்தை நிறுத்தால் 169 ராத்தல். மண்ணை மறுபடியும் உலர்த்தி நிறுத்தால், குறைந்திருந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் தீர்மானித்துவிட்டார். அவர் காலமான பிறகு 1648-ல் இது அச்சாயிற்று. காற்றிலிருந்தும் மரம் உடம்பை வளர்த்துக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரியாது. போகட்டும். காணாமற் போன அந்த இரண்டு அவுன்ஸை அவர் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் பிற்காலத்தில் எழுந்த விவசாய ரசாயன சாஸ்திரம் அந்த இரண்டு அவுன்ஸுக்குள் அடக்கம் என்றே சொல்லிவிடலாம்.

அந்த இரண்டு அவுன்ஸின் மகிமையை உலகத்துக்கெல்லாம் பறைசாற்றியவர் ஜெர்மனியில் கீசன் சர்வகலாசாலையில் இருந்த யூஸ்டஸ் லீபிக். 1840-ல் அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுவதும் பேச்சாயிற்று. செடியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் உள்ளவை மண்ணிலிருந்து வந்தவை. அறுவடை என்ற பெயரில் அவற்றை வண்டியேற்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நிலம் ஒரு நாள் போண்டியாகிவிடும் என்றார். எந்தச் சத்து மிகவும் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும் என்ற விதியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்பிரெங்கல் என்ற இன்னொரு ஜெர்மானியர் அதை முன்னமே சொல்லிவிட்டார். ஊரறியச் செய்தவர் லீபிக். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த விதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பருப்பும் புளியும் காய்கறியும் மூட்டை மூட்டையாக இருக்கட்டும். உப்பு ஒரு சிட்டிகைதான் இருக்கிறது என்றால், எத்தனை பேருக்குச் சாம்பார் வைக்கலாம் என்பதை அந்த உப்பு அல்லவா முடிவு செய்யும்?

இவ்வளவு தெரிந்த மேதை, 1845-ல் தாமே ஓர் உரம் தயாரிக்க இறங்கினார். செடிக்கு வேண்டிய தாதுச் சத்துக்களைச் சேர்த்தார். மழை பெய்தால் இவை கரைந்து மண்ணுக்குள் ஓடிவிடுமே என்று ஒரு பயம் அவருக்கு. ஆகவே எல்லாவற்றையும் உலையில் இட்டு உருக்கி, லேசில் கரையாதபடி செய்துவிட்டார். இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்து முதலாளி ஒருவர் அதைச் செய்து விற்றார். பெரிய பெயருக்காக விவசாயிகள் வாங்கிப் போட்டார்கள். பயிர் அசையவில்லை! பலகாரக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் லட்டும் ஜிலேபியும் அடுக்கியிருக்க, வெளியே நிற்கும் பசித்த பிள்ளையின் நிலைமைதான் அந்தப் பயிருக்கு. எல்லாச் சத்தும் வயலில் இருந்தது, வேருக்கு எட்டவில்லை.

லீபிக் அவ்வளவு பயந்திருக்க வேண்டியதுமில்லை. மண் வெறும் சல்லடை அல்ல. கரைந்து வரும் பல சத்துக்களைத் தன் களித் துகள்களில் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது கொடுக்கிற குணம் அதற்கு உண்டு என்பதை, 1850-ல் வே என்ற ஆங்கில ரசாயனி காட்டினார். தாம் மண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பிற்காலத்தில் லீபிக்கே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்தான்.

இப்போது கதையின் இரண்டாவது பாத்திரம் வருகிறது. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரோதம்ஸ்டெட் பண்ணை. அதன் சொந்தக்காரர் ஜான் பென்னெட் லாஸ். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, பட்டம் வாங்காமலே வீட்டுக்கு வந்தவர். பக்கத்துப் பண்ணைப் பிரபு ஒருவர் அவரிடம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: எலும்புத் தூளை ஒரு வயலில் போட்டால் டர்னிப் கிழங்கு அமோகமாக விளைகிறது, இன்னொரு வயலில் போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இது ஏன்? எலும்பு ஒன்றுதான், பயிர் ஒன்றுதான், மண்தான் வேறு. லாஸ் எலும்பைக் கந்தகத் திராவகத்தில் ஊறவைத்துப் போட்டுப் பார்த்தார். எங்கே எலும்பு பலிக்கவில்லையோ அங்கேயும் பலித்தது. 1842-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். சூப்பர் பாஸ்பேட் பிறந்த கதை இதுதான். லீபிக் கரைவதைக் கரையாததாக்கினார். லாஸ் கரையாததைக் கரையவைத்தார். ஒருவர் மேதை, மற்றவர் பண்ணைக்காரர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1843-ல் லாஸ் தமக்குத் துணையாக ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயனியை அமர்த்திக்கொண்டார். லீபிக்கிடமே கீசனில் படித்தவர்! அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். ஒரு துண்டுக்குத் தொழுவுரம்; ஒன்றுக்குத் தாதுச் சத்து மட்டும்; சிலவற்றுக்குத் தழைச்சத்து; ஒரு துண்டுக்கு ஒன்றுமே இல்லை. தழைச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், காற்றிலும் மழையிலும் உள்ள அம்மோனியாவே பயிருக்குப் போதும் என்று சொல்லி வந்தார் லீபிக். போதாது என்றது கோதுமை. இதன் பேரில் கீசனுக்கும் ரோதம்ஸ்டெட்டுக்கும் வருஷக்கணக்காகக் காகிதச் சண்டை நடந்தது. குருவுக்கு எதிராகச் சிஷ்யன் எழுதினான். ஆனால் வாதத்தால் ஜெயித்தார்கள் என்பதைவிட, வருஷா வருஷம் விதைத்து, அறுத்து, நிறுத்து, எழுதி வைத்தே ஜெயித்தார்கள் என்பதுதான் சரி. 1900-ல் லாஸ் கண்ணை மூடும் வரையில், 57 வருஷம், இருவரும் கூடவே வேலை செய்தார்கள். மறு வருஷம் கில்பர்ட்டும் போய்ச் சேர்ந்தார்.

அந்த வயல் இன்றைக்கும் இருக்கிறது. 1843 முதல் அறுத்த தானியத்திலும், வைக்கோலிலும், தோண்டியெடுத்த மண்ணிலும் மாதிரி எடுத்துப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுமே போடாத அந்தத் துண்டு என்ன ஆயிற்று? செத்துப் போகவில்லை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமை என்ற அளவில் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நொடித்துப் போன குடும்பம் மாதிரி. வாழவில்லை, ஆனால் இருக்கிறது. அதே பண்ணையில் இன்னொரு வயலின் சரித்திரம் இதைவிட விசித்திரமானது. 1856 முதல் 1901 வரையில் உரம் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, தழைச்சத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தால், பழைய காலத்தில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெற்ற துண்டுகள் மற்றவற்றை மிஞ்சி விளைந்தன. பாட்டன் போட்ட மணிச்சத்தைப் பேரன் காலத்துப் பயிர் தின்றது. மண் கணக்கு வைத்துக்கொள்கிறது என்பது வெறும் உபசார வார்த்தை அல்ல.

ஆனால் ஒவ்வொரு குடியானவனும் தன் வயலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஐம்பது வருஷம் காத்திருக்க முடியுமா? ரசாயனிகள் இதற்கு ஒரு குறுக்கு வழி தேடினார்கள். மண்ணில் உள்ளதை முழுவதும் அளப்பது சுலபம். அதனால் லாபம் இல்லை. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 22 லட்சம் கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சாம்பல் சத்து என்று வைத்துக்கொண்டால், 22,000 கிலோ ஆகிறது! நூறு போகத்துக்குக்கூடப் போதும் போலத் தோன்றும். ஆனால் இதில் பெரும் பகுதி தாதுக் கற்களுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. இந்தப் போகத்துப் பயிருக்கு எட்டுவது சில நூறு கிலோதான். ஊரில் பத்து வேலி நிலமும் இரண்டு தெரு வீடும் உள்ள மிராசுதார், பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். சொத்து வேறு, கையிருப்பு வேறு. மண்ணை ஆராய்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது கையிருப்பை.

ஆக்ஸ்போர்டில் இருந்த டாபனி 1845-லேயே இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருந்தார். விழித்திருக்கும் சத்து, உறங்கும் சத்து என்று இரண்டாகப் பிரித்தார். விழித்திருப்பதை மட்டும் எப்படி வெளியே கூப்பிடுவது? 1894-ல் பெர்னார்ட் டையர் என்பவர் அழகான ஒரு யோசனை செய்தார். வேர் தன் சாற்றின் புளிப்பைக் கொண்டுதானே மண்ணைக் கரைக்கிறது? அந்தப் புளிப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாமே! ஏறக்குறைய நூறு வகைச் செடிகளின் வேர்ச்சாற்றைச் சோதித்து, அதற்கு ஈடாக நூற்றுக்கு ஒரு பங்கு எலுமிச்சைப் புளிப்புள்ள நீரில் மண்ணைக் கரைத்தார். ரோதம்ஸ்டெட்டில் பல வருஷங்களாக வாற்கோதுமை விளைந்த துண்டுகளின் மண்ணைத்தான் இதற்கு உபயோகித்தார். எந்தத் துண்டு எவ்வளவு விளைந்தது என்ற சரித்திரம் முன்பே கையில் இருந்தது. பயிர் சொன்னதையே புட்டியும் சொல்கிறதா என்று ஒத்துப் பார்க்க முடிந்தது.

ஒரே கேள்வியை எல்லா மண்ணிடமும் கேட்க முடியாது என்பது பிறகு தெரிந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் புளிப்பை ஊற்றினால், அது சுண்ணாம்போடு மல்லுக்கு நின்றே தீர்ந்து போகும். அப்படிப்பட்ட மண்ணுக்காக அமெரிக்காவில் ஓல்சன் என்பவரும் கூட்டாளிகளும் 1954-ல் சோடாமாவுக் கரைசலைக் கொண்டு மணிச்சத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். டில்லியில் சுப்பையாவும் அசிஜாவும் 1956-ல் பெர்மாங்கனேட்டைக் கொண்டு தழைச்சத்தை மதிப்பிடும் முறையைச் சொன்னார்கள். இந்தியாவின் மண் பரிசோதனைச் சாலைகளில் இந்த இரண்டு முறைகளும் வேரூன்றிவிட்டன. 'தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே, ஆகவே குறைவு' என்று குடியானவர் கையில் வரும் சீட்டு சொல்கிறதே, அது சுப்பையா - அசிஜா முறையில் அளந்து சொல்வது.

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்குச் சரித்திரம் உண்டு. 1889-ல் சீமையிலிருந்து வோல்கர் என்ற ரசாயனியை அனுப்பி, இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி கேட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றிய அவர் 1893-ல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்தியக் குடியானவனுக்குக் கற்றுக்கொடுக்க எண்ணி வருகிறவர்கள் முதலில் அவனிடம் கற்றுக்கொள்ளலாம் என்ற தோரணையில் எழுதினார். சாணம் அடுப்பில் எரிகிறது, வயலுக்குப் போக வேண்டியது புகையாகப் போகிறது. விறகுக்கு மரம் வளர்த்துக் கொடுங்கள், எரு தானாக வயலுக்கு வரும் என்றார். 1909-ல் கோயம்புத்தூரில் ரோதம்ஸ்டெட் மாதிரியில் நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் விளைந்து வரும் அந்தக் கொங்கு மண்ணை, தமிழர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? 1955-56-ல் அமெரிக்க ஒத்துழைப்போடு தேசமெங்கும் மண் பரிசோதனைச் சாலைகள் ஏற்பட்டன.

அதன் பிறகு வந்தது குட்டைப் பயிர்களின் காலம். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. இமயமலை அடிவாரத்தில் தராய் என்ற பிரதேசம். காட்டை வெட்டித் திருத்திய செழிப்பான மண். அங்கே பந்த்நகர் விவசாய சர்வகலாசாலையைச் சுற்றிய வயல்களில் நெற்பயிரின் இலைகளில் காசுக்கட்டி நிறத்தில் துரு ஏறியது; பயிர் குன்றியது. ஜனங்கள் அதற்குக் 'கைரா' என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் நோய் மாதிரியே இருந்தது. பயிர் நோய் நிபுணரான டாக்டர் நேனே 1966-ல் துப்புத் துலக்கினார். குற்றவாளி கிருமி அல்ல, துத்தநாகக் குறைவு! துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தெளித்ததும் பயிர் தெளிந்தது. மண்ணில் துத்தநாகமே இல்லை என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து அதைப் பூட்டி வைத்துவிட்டன. தழை, மணி, சாம்பல் என்ற மூன்றையும் மூட்டையாகக் கொட்டிவிட்டு, சிட்டிகை உப்பை மறந்த சமையல்தான். ஒரு ஹெக்டேர் பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் துத்தநாகம் கிலோக் கணக்கில் அல்ல, கிராம் கணக்கில் இருக்கும். அந்தக் கிராம்கள் இல்லாமல் டன்கள் இல்லை.

மறு வருஷம், 1967-ல், டில்லியில் ராமமூர்த்தியும் சகாக்களும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், குடியானவன் எத்தனை மூட்டை உரம் வாங்குவான்? ராமமூர்த்தி ஒரே வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றுக்கு உரமில்லாமலும் மற்றவற்றுக்குப் படிப்படியாகக் கூட்டியும் போட்டு ஒரு போகம் பயிரிட்டார். ஏழை மண்ணும் பணக்கார மண்ணும் ஒரே வானத்தின் கீழ், ஒரே வரப்புக்குள் தயாராயின. அதன் மேல் கோதுமை விதைத்து, மண்ணின் கையிருப்பிலிருந்து பயிர் எவ்வளவு எடுக்கிறது, போட்ட உரத்திலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்று கண்டார். இத்தனை குவிண்டால் வேண்டும், மண்ணில் இவ்வளவு இருக்கிறது, ஆகவே இவ்வளவு போடு என்று சொல்ல முடிந்தது. கைப்பணம் போக மீதியைத்தான் கடன் வாங்க வேண்டும் என்ற குடும்பக் கணக்கு இது.

கணக்குப் பாராமல் செலவு செய்தால் என்ன ஆகும் என்பதையும் வயல்களே காட்டின. 1970-ல் நாட்டின் பல மூலைகளில் நீண்டகால உரப் பரிசோதனைகள் தொடங்கின. இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும் போட்டு வந்தார்கள். இயற்கையாகவே புளிப்பான அந்த மண் வருஷத்துக்கு வருஷம் மேலும் புளித்து, கடைசியில் மக்காச்சோளமும் கோதுமையும் அநேகமாக விளையாமலே போயின. ஒன்றுமே போடாத பாத்தி அதைவிடத் தேவலை என்றாயிற்று. சமமாக உரம் இட்டுத் தொழுவுரமும் சேர்த்த பாத்தி தளரவில்லை. பட்டினி கிடந்தவன் பிழைத்துக்கொண்டான். ஒரே பண்டத்தைத் தின்றவன் படுத்துவிட்டான்.

இந்தச் செய்தி குடியானவர்களுக்குப் போய்ச் சேருவதற்குள், கடைத்தெரு வேறு செய்தி சொல்லியது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் நீக்கியது. யூரியாவுக்கு மட்டும் நீக்கவில்லை. அவை விலை ஏறின. யூரியா மலிவாக நின்றது. யூரியா போட்டால் சில நாளில் பயிர் கரும்பச்சையாகிக் கண்ணைப் பறிக்கும். மலிவு, உடனே பலன் தெரிகிறது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதற்காகக் குடியானவனைக் குறை சொல்வது சுலபம், நியாயமல்ல.

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. பன்னிரண்டு குணங்களைச் சோதித்து அட்டையில் எழுதித் தருவது அதன் ஏற்பாடு. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் இரண்டரை ஹெக்டேர் என்றால் நம் ஊரில் நாலைந்து குடும்பங்களின் நிலம். ஒருவர் ஆட்டுக்கிடை போட்டிருப்பார். இன்னொருவர் பத்து வருஷமாக யூரியாவைத் தவிர வேறு மூட்டை பிரித்திருக்க மாட்டார். இருவருக்கும் ஒரே அட்டை!

ஆகவே மண் எடுக்கிற கைதான் எல்லாவற்றிலும் முக்கியம். மணிச்சத்தை அளக்கும்போது பரிசோதனைச் சாலையில் எடுத்துக்கொள்ளும் மண் இரண்டரை கிராம். வயலில் கிடப்பது 22 லட்சம் கிலோ. அந்த இரண்டரை கிராம் உண்மை பேச வேண்டுமானால், வரப்போரத்திலும், மர நிழலிலும், எருக்குவியல் இருந்த இடத்திலும் எடுக்கக் கூடாது. பதினைந்து இருபது இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் செதுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மீண்டும் கலந்து, இப்படியே அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். வரப்பில் நின்றபடியே ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டு அனுப்பினால், அப்புறம் ஓல்சன் வந்தாலும் சரி, லீபிக்கே எழுந்து வந்தாலும் சரி, பொய்யைத்தான் நுட்பமாக அளந்து கொடுக்க முடியும்.

தோடர்மாலின் ஆட்கள் நிலத்தை மதிப்பிட்டது ராஜாங்கத்தின் கஜானாவுக்காக. அதன் பிறகு முன்னூறு நானூறு வருஷம் எத்தனையோ பேர் மூளையைக் கசக்கியதன் பயன், அந்த மதிப்பீடு இப்போது உழுகிறவனுக்காகவே நடக்கிறது என்பதுதான். வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் சோதிக்கிறோம். நமக்குச் சோறு போடுகிற மண்ணுக்கு, போகம் முடிந்து அடுத்த உழவு தொடங்குமுன் ஒரு நாள் காலைப் பொழுதும் ஒரு மண்வெட்டியும் போதும். சொத்தை ஆண்டவன் கொடுத்தான். கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்வது நம் பொறுப்பு.